துடைத்துப் போட்ட குரல்

ஆட்டையாம்பட்டியிலிருந்து ராசிபுரம் போகும் சாலையில் ஒரு கோழித்தீவன ஆலை இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது சரிதாவின் வேலை. பாலிடெக்னிக்கில் அவள் படித்தது டெக்ஸ்டைல். ஆலையில் சேர்ந்தது டேட்டா என்ட்ரிக்கு. அந்தக் கம்ப்யூட்டர்களை ஓட்டும் லினக்ஸை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. தானே உட்கார்ந்து, கெடுத்து, சரிசெய்து, மறுபடி கெடுத்துக் கற்றுக்கொண்டாள். அந்த வேலையில் இருந்த கோகுல்ராஜ் பெங்களூருக்குப் போனபோது, வெளியே ஆள் தேட வேண்டாம், சரிதாவே போதும் என்று மேலாளர் தமிழரசு சொல்லிவிட்டார்.

அவளுக்குச் சுத்தம் என்றால் உயிர். வீட்டில் சிங்க்கில் ஒரு டம்ளர் கிடந்தால் தூக்கம் வராது. மெஷின்களிலும் அப்படித்தான். கோகுல்ராஜ் கெட்டிக்காரன் என்பதை அவள் மறுக்கமாட்டாள். ஆனால் போகிற இடமெல்லாம் எதையாவது போட்டுவிட்டுப் போகிறவன் என்று அவளுக்கு ஓர் எண்ணம். யாருக்கு என்று தெரியாத சின்னச் சின்ன நிரல்கள், பாதியில் விட்ட சோதனைகள், அவனே கட்டிய பேக்கேஜ்கள், அதாவது நிறுவுவதற்குத் தயாராகக் கட்டிவைத்த நிரல்கள். வேலையை ஒப்படைத்துவிட்டுப் போன நாளில் அவன் நின்றுகொண்டே நிறையச் சொன்னான். சரிதா தலையாட்டினாள். இதெல்லாம் ஒருநாள் துடைத்து எடுக்க வேண்டும் என்பதுதான் அப்போது அவள் மனதில் ஓடியது.

ஆர்டர் அறையில் அக்சிலியா என்றொரு பெண் இருந்தாள். சேலம் டவுனிலிருந்து கம்பெனி வேனில் வருவாள். அப்பா தோமினிக் தினமும் வேன் நிற்கும் இடம் வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஏற்றிவிடுவார். அக்சிலியாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பண்ணைக்காரர்கள் போனில் தீவனம் சொல்வார்கள், அவள் அதைக் கம்ப்யூட்டரில் பதிந்து லாரிக்கு அனுப்புவாள். திரையில் இருப்பதை ஒரு குரல் அவள் காதில் படித்துச் சொல்லும். மற்றவர்களுக்கு அது கீச்கீச்சென்று ஓடுகிற சத்தம்; அவ்வளவு வேகத்தில் வைத்திருந்தாள். அந்தக் குரலை அவள் ‘என் ஆளு’ என்பாள். "இருங்க்கா, என் ஆளு என்ன சொல்றான்னு கேட்டுட்டுச் சொல்றேன்."

அக்கா என்றுதான் சரிதாவைக் கூப்பிடுவாள். மதியம் இருவரும் சேர்ந்தே சாப்பிடுவார்கள். குடும்ப வாட்ஸப்பில் யாராவது போட்டோ அனுப்பினால் சரிதா அதைப் பார்த்து வாயால் சொல்லுவாள். யார் எங்கே நிற்கிறார்கள், சின்னம்மா என்ன புடவை கட்டியிருக்கிறாள், முகம் சிரிப்பா கடுப்பா என்று. அக்சிலியா குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள்.

புதிய லினக்ஸ் வெளியீடு வந்து, பழையதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நிற்கப் போகிற நேரம் வந்தது. எல்லா மெஷின்களையும் புதியதற்கு மாற்றியாக வேண்டும். ஆர்டர் அறை மூடியிருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை சரிதா கேட்டு வாங்கினாள். ஆர்டர் விவரங்களையும் ஒவ்வொருவரின் கோப்புகளையும் முன்கூட்டியே நகல் எடுத்து வைத்தாள். மாற்றம் நன்றாகவே நடந்தது. மதியத்துக்குள் எல்லா மெஷின்களும் புதிய வெளியீட்டில் எழுந்துவிட்டன.

மிச்சம் இருந்தது கழிவு மட்டும். இப்படி மாற்றும்போது சில பேக்கேஜ்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். பழைய நிரல்களுக்காக வந்து இப்போது யாருக்கும் தேவைப்படாதவை சில. புதிய வெளியீட்டில் கைவிடப்பட்டவை சில. அதிகாரபூர்வக் களஞ்சியத்தில் எந்தக் காலத்திலும் இல்லாமல், யாரோ கையால் நிறுவியவை இன்னும் சில. கடைசி இரண்டுக்கும் சிஸ்டத்துக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டையும் காலாவதி என்றே காட்டும். அதனால்தான் நீக்குமுன் ஒவ்வொன்றையும் பார்க்கும்படி வெளியீட்டுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். சரிதா அதைப் படித்தவள்தான்.

நீக்குவதிலும் இரண்டு வகை உண்டு. ரிமூவ் என்றால் நிரல் மட்டும் போகும், அதன் அமைப்புகள் தங்கும். பர்ஜ் என்றால் அடையாளமே இல்லாமல் எல்லாம் போய்விடும். சரிதா பட்டியலை மேலிருந்து கீழே ஓட்டினாள். பாதிக்கு மேல் கோகுல்ராஜ் கட்டியவை, அவன் பெயரின் முதலெழுத்துகளோடு. அவளுக்குச் சிரிப்பு வந்தது. எல்லா மெஷின்களுக்கும் சேர்த்து ஒரே கட்டளையாக பர்ஜ் கொடுத்தாள். திரையில் வரிகள் ஓடி முடிந்ததும் பட்டியல் காலியாக இருந்தது. அந்தக் காலிப் பட்டியலைப் பார்த்தபோது அவளுக்கு இருந்த திருப்தி, பின்னாளில் நினைத்துப் பார்க்கவே கூசுகிற ஒன்றாக ஆனது.

திங்கள் காலை தமிழரசு ஆர்டர் அறைக்கே வந்தார். "லீவு நாள்லயும் வந்து வேலைய முடிச்சுட்டாங்க பாருங்க. ஒரு மெஷின் நிக்கல. சரிதாவ மாதிரி எல்லாரும் இருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன்." எல்லோரும் கைதட்டினார்கள். அக்சிலியாவும் தட்டினாள்.

அவர் போனதும் அக்சிலியா மெதுவாகக் கூப்பிட்டாள். "அக்கா, என் ஆளக் காணோங்க்கா."

சரிதா ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தாள். உள்ளே ஓர் இங்கிலீஷ் குரல். தமிழ் எழுத்து வந்தால் ‘டமில் லெட்டர், டமில் லெட்டர்’ என்று எழுத்தெழுத்தாக முணுமுணுத்தது. இங்கிலீஷில் எழுதிய ஊர்ப் பெயர்களை வெள்ளைக்காரன் போல மென்று துப்பியது.

"புது வெர்ஷனில்ல, குரலும் மாறியிருக்கும். ரெண்டு நாள் பழகுனாச் சரியாப் போயிரும்" என்றாள் சரிதா.

"அப்பிடிங்களா" என்றாள் அக்சிலியா. பழகிக்கொள்ளப் பார்த்தாள்.

ஆனால் சரிதாவுக்கு உள்ளே ஏதோ இடித்தது. தன் இடத்துக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் எழுதிவைத்த பதிவைத் திறந்து பார்த்தாள். நீக்கியவற்றில் ஒன்று கோகுல்ராஜ் கட்டிய தமிழ்க் குரல். அது சிஸ்டத்தோடு வந்தது என்று அதுவரை அவள் நினைத்திருந்தாள். இணையத்தில் தேடினாள். எங்கும் இல்லை. அவனே கட்டியது எங்கே இருக்கும்? நகல் எடுத்த கோப்புகளிலும் இல்லை. அது இருந்தது சிஸ்டத்தின் சொந்த ஃபோல்டரில். அவள் நகல் எடுத்தது ஆட்களின் ஃபோல்டர்களை மட்டும்.

சொல்லிவிடலாம் என்று சாயங்காலம் எழுந்து போனாள். அக்சிலியா ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். காலையில் வாங்கிய கைதட்டல் சரிதாவின் காதில் இன்னும் இருந்தது. யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம், இன்னும் ஒருநாள் பார்க்கலாம் என்று தோன்றியது. திரும்பி வந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமையும் போய் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

புதன்கிழமை அது வெடித்தது. களங்காணியில் முத்தாயம்மாள் என்று ஒரு பண்ணைக்காரி. கல்யாணி என்ற ஊரிலும் அதே பெயரில் ஒருவர் உண்டு. பட்டியலில் இங்கிலீஷ் எழுத்தில் இருந்த அந்த இரண்டு ஊர்ப் பெயர்களையும் புதிய குரல் ஏறக்குறைய ஒரே மாதிரி உச்சரித்தது. களங்காணிக்குப் போக வேண்டிய லோடு கல்யாணிக்குப் போய் இறங்கிவிட்டது. களங்காணிக் கோழிகள் தொட்டியைக் கொத்திக்கொண்டு நின்றன. முட்டைக் கோழி ஒரு வேளை பட்டினி கிடந்தாலும் அதன் கணக்கு முட்டையில் தெரியும். முத்தாயம்மாள் போனில் போட்ட சத்தம் ஸ்பீக்கர் இல்லாமலே அறை முழுக்கக் கேட்டது.

"ஏனுங்க, நாந் தெளிவாத்தானுங்க சொன்னேன்? களங்காணின்னு சொன்னனா இல்லீங்களா? வாயில்லாத சீவனுங்க, கத்திக்கிட்டு நிக்குது. போன் எடுக்கற புள்ளைக்குக் காதுல என்ன அடச்சிருக்குது?"

தமிழரசு எல்லோரையும் நிற்கவைத்தார். அக்சிலியா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவர் கோபக்காரர் இல்லை. அதனால் அவர் பேச்சு இன்னும் வலித்தது.

"உங்க மேல எனக்கு மரியாதை உண்டும்மா. ஆனா இப்பிடி ஆனா, பாவம் பாத்து வேல குடுத்திருக்கோம்னு நாலு பேர் பேசுவாங்க." பிறகு சரிதாவின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சரிதா. சிஸ்டம் மாத்துனதுல ஏதாச்சும் கோளாறா?"

அக்சிலியா தன் முகத்தை சரிதா நின்ற திசைக்குத் திருப்பினாள்.

"சர்வர்ல ஒண்ணும் இல்லீங்க சார்" என்றாள் சரிதா. அதோடு நிறுத்தியிருந்தாலாவது பாதிப் பொய்யாகப் போயிருக்கும். "மத்தவங்க எல்லாரும் செஞ்சுக்கிட்டுத்தானுங்களே இருக்காங்க" என்றும் சேர்த்தாள்.

அக்சிலியாதான் பேசினாள். "என் தப்புத்தாங்க சார். ஒழுங்காக் கேக்காமப் பதிஞ்சுட்டேன். மன்னிச்சுக்குங்க."

"சரி, கொஞ்ச நாளைக்கு வாசல்ல போனை மட்டும் பாருங்க. ஆர்டர சுகன்யா எடுத்துக்கட்டும்" என்றார் தமிழரசு. சுகன்யா அடுத்த மேசைக்காரி. தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று மதியம் அக்சிலியா சாப்பிட வரவில்லை. சரிதா டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆர்டர் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், அக்சிலியாவின் ஹெட்போன் ஒயர் சுற்றப்படாமல் மேசைமேல் கிடந்தது தெரிந்தது. எப்போதும் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுத்தான் வைப்பாள்.

வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபடி சரிதா கோகுல்ராஜுக்குப் போன் செய்தாள். நலம் விசாரித்து முடிந்ததும் விஷயத்துக்கு வந்தாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"பேக்கேஜ் எங்கிட்ட பழைய லேப்டாப்புல இருக்குதுங்க சரிதா. நைட்டு அனுப்பிடறேன்" என்றான். சரிதாவுக்கு மூச்சு வந்தது. அதற்குள் அவன் கேட்டான்: "ரிமூவ்தானுங்களே பண்ணுனீங்க?"

ராசிபுரம் பஸ் வந்து நின்று, கிளம்பிப் போனது.

"பர்ஜா?" என்றான்.

"ஆமாங்க."

"அப்ப வார்த்தைங்க போயிருக்குமுங்க." பெருமூச்சு கேட்டது. "குரல் மட்டும் நான் கட்டுனது. ஊரு பேரு, ஆளு பேரு எல்லாம் அக்சிலியா சொல்லிக்குடுத்தது. இங்கிலீஷ்ல இப்பிடி இருந்தா இப்பிடிப் படின்னு ஒவ்வொண்ணா. டூட்டி முடிஞ்சு வேன் வர்ற வரைக்கும் உக்காந்து சேத்துவாங்க. நான் வந்தப்ப ஆரம்பிச்சது, நான் போற வரைக்கும் சேத்துக்கிட்டேதான் இருந்தாங்க. நான் அத ஆளோட ஃபோல்டர்ல வெக்காம சிஸ்டத்துல வெச்சது என் தப்பு. உங்களுக்குச் சொன்னேன்னு நெனைக்கறேன், போறப்ப."

சொன்னான். சரிதாவுக்கு இப்போது நினைவு வந்தது. ‘அக்சிலியா மெஷின்ல எதத் தொட்டாலும் அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க’ என்றான். அவள் தலையாட்டினாள்.

அவன் ஒரு சொல் திட்டவில்லை. "சரி விடுங்க, ஆனது ஆச்சு" என்றான். அவள் போனை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸையும் விட்டுவிட்டாள். அக்சிலியா எத்தனையோ சாயங்காலம் தனியாக உட்கார்ந்து ஏதோ தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறாள். வேன் வரும் வரை நேரம் போகாமல் விளையாடுகிறாள் என்று நினைத்திருக்கிறாள். ஒருநாளும் என்னவென்று கேட்டதில்லை.

வியாழன் காலை எல்லோரும் வந்து உட்காரும் வரை காத்திருந்து, தமிழரசு ஆர்டர் அறைக்குள் நுழைந்ததும் சரிதா எழுந்து நின்றாள்.

"சார், அக்சிலியா மெஷின்ல இருந்த தமிழ்க் குரல நாந்தானுங்க அழிச்சுட்டேன். ஞாயித்துக்கிழம. வேணும்னு இல்லீங்க, பாக்காம அழிச்சேன். திங்கக்கிழமையே எனக்குத் தெரியும். நேத்து நீங்க கேட்டப்பவும் தெரியும். தப்பு அந்தப் புள்ள மேல இல்லீங்க."

தமிழரசுக்குச் சங்கடமாகிவிட்டது. "இதப் போயி இங்க வெச்சுச் சொல்லணுமா? உள்ள வந்து சொன்னா ஆகாதா?"

"நேத்துப் பொய் சொன்னது இங்க வெச்சுத்தானுங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுகன்யா சரிதாவை ஏறிட்டுப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பார்வையை சரிதாவால் மறக்க முடியவில்லை. "சரி, டெக்னிக்கலாத்தானே ஆச்சு. குரல் வந்ததும் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் தன் அறைக்குப் போனார். அக்சிலியாவைத் திரும்ப அழைப்பது பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சரிதா வாசலுக்குப் போனாள். அக்சிலியா போன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சரிதா வாயைத் திறக்குமுன் அவளே பேசினாள்.

"சொல்லுங்க."

சரிதா எல்லாவற்றையும் சொன்னாள். வார்த்தைகளும் போய்விட்டன என்பதை மட்டும் கடைசியில்தான் சொல்ல முடிந்தது. அப்போதுதான் அக்சிலியாவின் முகம் மாறியது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எல்லாமுமா?"

"எல்லாமும்."

பிறகு அக்சிலியா சொன்னாள்: "மத்தது எனக்குத் தெரியும். நீங்கதான்னு திங்கக்கிழமையே தெரியும்."

"எப்படி?"

"மேச முன்னால வந்து நின்னீங்க, ஒண்ணும் பேசாமப் போனீங்க. செவ்வாக்கிழமயும் வந்தீங்க. உங்க செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா? தப்புப் பண்ணாதவங்க எதுக்கு வந்து நின்னுட்டுப் போகணும்?"

"அப்ப நேத்து நீ சொல்லியிருக்கலாமே அக்சிலியா."

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

சரிதா அங்கேயே நின்றாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அழுதால் அதற்கும் இந்தப் பெண்ணே ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். போன் அடித்தது. அக்சிலியா எடுத்துப் பேசத் தொடங்கினாள்.

அன்றே சரிதா களங்காணிக்கும் போன் போட்டாள். "தீவனம் மாறிப் போனது என் தப்புனாலைங்க. போன் எடுத்த புள்ள சரியாத்தான் கேட்டுச்சு. கம்ப்யூட்டர்ல நாந்தான் கெடுத்துப்போட்டேன்."

"அட சாமி," என்றார் முத்தாயம்மாள், "நான் அந்தப் புள்ளையக் கண்டபடி பேசிப்போட்டேனே. போன அதுகிட்டக் குடு." சரிதா வாசலுக்கு இணைப்பை மாற்றிக் கொடுத்தாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

குரல் சொன்னபடி வந்தது. புதிய வெளியீட்டில் உட்கார மறுத்தது. கோகுல்ராஜும் சரிதாவும் போனில் பேசிப் பேசி உட்காரவைத்தார்கள். வார்த்தைகளை மட்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. டூட்டி முடிந்ததும் சரிதா அக்சிலியாவின் மேசைக்குப் போவாள். திரையில் இருக்கிற பெயரை வாசிப்பாள். குரல் அதைச் சொல்லும். அக்சிலியா திருத்துவாள். "‘மங்களபுரம்’ல ‘ள’வ நல்லா அழுத்தச் சொல்லுங்க." மறுபடி. "இல்லீங்க, இன்னுங் கொஞ்சம்." மறுபடி. ஒரு பெயருக்கு இவ்வளவு நேரமா என்று முதல் நாள் சரிதாவுக்குத் திகைப்பாக இருந்தது. இப்படி எத்தனை பெயர்களை ஒரே வரியில் அழித்தோம் என்று நினைத்தபோது, பக்கத்தில் இருக்கிறவளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த முகம் தன்னைப் பார்க்காது என்பதில் ஓர் ஆறுதல் வந்தது. அப்படி ஆறுதல் வந்ததற்காக இன்னும் வெட்கப்பட்டாள்.

அக்சிலியா நன்றாகவே பேசினாள். வேலைக்கு வேண்டியதெல்லாம் பேசினாள். அக்கா என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டாள். "மேடம், அடுத்தது" என்பாள். மதியச் சாப்பாடு சுகன்யாவோடு என்று ஆகிவிட்டது. சேலத்திலிருந்து ஒரு கல்யாண போட்டோ வந்தபோது, சுகன்யா தடுமாறித் தடுமாறி அதை வாயால் விவரித்துக்கொண்டிருந்தது சரிதாவின் காதில் விழுந்தது.

அக்சிலியாவை ஆர்டர் அறைக்குத் திரும்பக் கூப்பிட தமிழரசு எடுத்துக்கொண்ட நாள்கள் அதிகம். சரிதா இரண்டு முறை கேட்டாள், ‘பாக்கலாம்’ என்றார். மூன்றாவது முறை, அவள் வரும்வரை என்னையும் வாசலில் உட்காரவையுங்கள் என்று சொல்லிவிட்டாள். அதற்கு அவர் சிரித்தார், ஆனால் மறுவாரம் கூப்பிட்டுவிட்டார்.

வார்த்தைகள் பெரும்பாலும் சேர்ந்தபின் சரிதா சொன்னாள்: "இத சர்வர்லயும் ஒரு நகல் போட்டு வெச்சிர்றேன். இனி போகாது."

"வேண்டாங்க மேடம். எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள் அக்சிலியா. கைப்பையில் ஒரு பென் டிரைவ் வைத்திருந்தாள். யாரிடம் கேட்டு நகல் எடுத்துக்கொண்டாள் என்று சரிதா கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஓமலூர்க் கிளையின் மெஷின்களை மாற்ற வேண்டி வந்தது. சரிதா வேலையைத் தொடங்குமுன் நேரில் போனாள். காலாவதி என்று காட்டியதை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு, மேசை மேசையாகப் போய், இது உங்களுடையதா, இதில் எதையாவது சேர்த்து வைத்திருக்கிறீர்களா என்று விசாரித்தாள். குடோனைப் பார்த்துக்கொள்ளும் கண்ணுசாமிக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"முன்னாடி யாரும் எங்களக் கேட்டதே இல்லீங்களே. பழசுன்னா எடுத்து வீசிட்டுப் போக வேண்டியதுதானுங்க? எங்ககிட்ட எதுக்கு இத்தன கேள்வி?"

சொல்லிவிடத்தான் நினைத்தாள். முன்பின் தெரியாத மனிதர், சொன்னாலும் ஒன்றும் ஆகிவிடாது. வாய் வரைக்கும் வந்தது.

"சும்மாதானுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த பெயரைக் காட்டி, இது உங்களுடையதா என்று கேட்டாள்.